ஓபரா எழுதுகிறவரின் தொழில்: முதல் அரங்கேற்றமும் அதற்கு அப்பாலும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் பிள்ளையைப் பியானோ வகுப்புக்கு அனுப்பும் பெற்றோருக்கு, அந்தப் பிள்ளை எட்டாம் கிரேடு தேர்வை எட்டும் வேளையில் ஒரு புதிய கவலை தொடங்குகிறது. அதுவரை மற்றவர்கள் எழுதியதை வாசித்துக்கொண்டிருந்த பிள்ளை, இனித் தானே எழுதப் போவதாகச் சொல்கிறது. "நல்லதுதான் சார், ஆனா இதுல பொழப்பு ஓடுமா?" என்று ஒரு தாயார் என்னிடம் கேட்டார். பால்மரம் சீவியும் செம்பனைக் குலை வெட்டியும் பிள்ளைகளைப் படிக்க வைத்த ஊரில் இதுவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்று நான் கருதுகிறேன். அதற்கு நேர்மையாக விடை சொல்ல வேண்டுமானால், மேற்கத்திய செவ்வியல் இசையில் இன்று எழுதிவருகிறவர்கள், குறிப்பாக ஓபரா எழுதுகிறவர்கள், எப்படி அந்த நிலைக்கு வருகிறார்கள், அவர்களுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள், எதற்காகக் கொடுக்கிறார்கள் என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஓபரா என்பது பாட்டாலேயே நடக்கும் நாடகம். அது 1600ஆம் ஆண்டை ஒட்டி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் உருவானது. 1607இல் மாண்டுவா அரண்மனையில் அரங்கேறிய மொன்டெவெர்டியின் ‘ஓர்ஃபேயோ’ இன்றும் மேடையேறிக்கொண்டிருக்கிறது. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் விடிய விடிய அரிச்சந்திரா கூத்தும் பவளக்கொடி நாடகமும் பார்த்த தலைமுறைக்கு, பாட்டே கதையை நடத்திச் செல்வது புதிய செய்தியாக இராது. கூத்தில் வாத்தியாரும் ஆர்மோனியக்காரரும் அன்றைய சபைக்கேற்ப ஒரு பாட்டை நீட்டவும் குறுக்கவும் முடியும். ஓபராவிலோ கதாநாயகி எந்தச் சுரத்தில் நிற்க வேண்டும் என்பது தொடங்கி, அறுபது எழுபது பேர் கொண்ட வாத்தியக் குழுவில் இரண்டாம் கிளாரினெட்காரர் எந்த இடத்தில் ஓசையைத் தணிக்க வேண்டும் என்பது வரை அனைத்தும் தாளில் எழுதப்பட்டிருக்கும். அவ்வளவையும் எழுதுகிறவர் ஒருவரே. இரண்டு மணி நேர ஓபராவின் முழு ஸ்கோர், அதாவது எல்லாக் குரல்களுக்கும் வாத்தியங்களுக்குமான இசையை எழுதிய பிரதி, பல நூறு பக்கங்களுக்கு நீளும். எழுதி முடிக்க இரண்டு ஆண்டுகளோ, சிலருக்கு ஐந்து ஆண்டுகளோ ஆகும். அந்த ஆண்டுகளில் அவர் குடும்பம் எப்படிச் சாப்பிடுகிறது என்பதுதான் இந்தத் தொழிலின் நடுக்கேள்வி.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பல சுரங்களை ஒருசேர ஒலிக்கச் செய்யும் ஹார்மனி, பல மெட்டுகளை ஒன்றோடொன்று பின்னும் கவுண்டர்பாயிண்ட், ஒவ்வொரு வாத்தியத்தின் இயல்பறிந்து ஓசையைப் பங்கிடும் கலை ஆகியவற்றை இசைக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ நான்கைந்து ஆண்டுகள் கற்கிறார்கள். உடன் படிக்கும் வயலின்காரருக்கும் பாடகிக்கும் சிறு படைப்புகளை எழுதிக் கொடுத்து, எழுதியதைக் காதால் கேட்டுத் திருத்திக்கொள்ளும் பழக்கம் பட்டத்தைவிடப் பெரியது. பத்து நிமிடப் படைப்பு, அதன்பின் சில பாடகர்களும் சில வாத்தியங்களும் மட்டும் கொண்ட சிற்றோபரா, அதற்கும் பிறகே பெரிய மேடை என்பதே வழக்கமான வரிசை. அந்த வரிசையில் நடக்க எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் ஜார்ஜ் பெஞ்சமினைச் சொல்லலாம். 1980இல், இருபது வயதில், லண்டனின் புகழ்பெற்ற ப்ராம்ஸ் இசைவிழாவில் அவருடைய வாத்தியக் குழுப் படைப்பு ஒலித்தது. அப்படிப்பட்டவருக்கே முதல் சிற்றோபரா 2006இல்தான் வந்தது. அதில் பாடுகிறவர்கள் இருவர் மட்டுமே. உலகெங்கும் பேசப்பட்ட அவருடைய முழுநீள ஓபரா ‘ரிட்டன் ஆன் ஸ்கின்’ 2012இல் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகர இசைவிழாவில் அரங்கேறியபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

நம் ஊருக்கு இன்னும் நெருக்கமான ஒருவரை விரிவாகப் பார்க்கலாம். மகாத்மா காந்தியின் பெயரால் ஒரு தமிழ்ப்பள்ளி நடக்கும் ஊர் சுங்கை சிப்புட். அந்தக் காந்தியையே கதாநாயகராக வைத்து ஓபரா எழுதியவர் அமெரிக்காவின் பிலிப் கிளாஸ். 1937இல் பிறந்த அவர், நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் படித்து, பாரிஸில் நாடியா பூலான்ஜே என்ற பேராசிரியையிடம் ஹார்மனியையும் கவுண்டர்பாயிண்டையும் அடிப்படையிலிருந்து மீண்டும் கற்றார். பாரிஸில் இருந்தபோதே ரவிசங்கரின் திரைப்பட இசை ஒன்றை மேற்கத்தியக் குறியீட்டில் எழுதித் தரும் வேலை கிடைத்தது. தாளச் சுழற்சியின்மேல் இசையைக் கட்டும் இந்திய முறையை அங்கேதான் அவர் கிட்டத்தில் பார்த்தார்.

இவ்வளவு படித்தவர் நியூயார்க் திரும்பியதும் பிழைப்புக்குச் செய்த வேலைகள் குழாய் பழுதுபார்ப்பதும், வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குவதும், டாக்சி ஓட்டுவதும். ஒரு முறை பாத்திரம் கழுவும் இயந்திரத்தைப் பொருத்தப் போன வீட்டில், ‘டைம்’ இதழின் கலை விமர்சகர் ராபர்ட் ஹியூஸ் அவரை அடையாளம் கண்டு திகைத்துப் போனார் என்று கிளாஸே நினைவுகூர்ந்திருக்கிறார். ‘ஐன்ஸ்டைன் ஆன் தி பீச்’ என்ற அவருடைய முதல் ஓபரா 1976இல் பிரான்சின் அவின்யோனில் அரங்கேறி, அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா மாளிகையில் இரண்டு இரவுகள் நடந்தது. மாளிகையை வாடகைக்கு எடுத்து நடத்திய நிகழ்ச்சி அது. அரங்கம் நிறைந்தது, பெருங்கடனும் மிஞ்சியது. அதன்பின் அவர் மறுபடியும் டாக்சி ஓட்டப் போனார். உலகின் மிகப் பெரிய ஓபரா மேடைகளுள் ஒன்றில் நிறைந்த சபையைக் கண்ட மனிதர் ஸ்டியரிங் பிடித்தது, அவர் திறமையில் இருந்த குறையால் நேர்ந்தது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பார்வையாளர் கூட்டம் வேறு, இசை எழுதியவருக்குச் சேரும் வருமானம் வேறு என்பதைத்தான் அது காட்டுகிறது.

நிலைமையை மாற்றியது நெதர்லாந்து ஓபராவிலிருந்து வந்த ஒப்பந்தம். முதல் ஓபராவைக் கிளாஸ் தம் சொந்தக் குழுவை வைத்து நடத்தியிருந்தார். நெதர்லாந்துக்காரர்களோ தங்கள் பாடகர்களும் குழுப் பாடகர்களும் வாத்தியக் குழுவும் நிகழ்த்தக்கூடிய ஓர் ஓபராவைக் கேட்டார்கள், அதற்குப் பணமும் தந்தார்கள். அந்த வேலையோடுதான், நாற்பத்தொன்றாவது வயதில், அவருடைய டாக்சி வாழ்க்கை முடிந்தது. அப்படிப் பிறந்தது ‘சத்தியாகிரகம்’; 1980 செப்டம்பர் 5 அன்று ரோட்டர்டாமில் அரங்கேறியது. காந்தியின் தென்னாப்பிரிக்க ஆண்டுகளே அதன் கதை. பாடப்படும் சொற்கள் முழுவதும் பகவத் கீதையின் சமஸ்கிருத வரிகள். கடைசி அங்கம் 1913ஆம் ஆண்டின் நியூகாசில் பேரணியைப் பற்றியது. நம் பாட்டன்மார் மலாயாவுக்குக் கப்பலேறிய அதே காலத்தில் நேட்டாலுக்குக் கப்பலேறிய தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் கலந்துகொண்ட நடைப்பயணம் அது. நம் பிள்ளைகளுக்கு ஓபராவை அறிமுகப்படுத்த இதைவிடப் பொருத்தமான வாசல் எனக்குத் தெரியவில்லை.

அந்த ஓபரா முடியும் இடத்தைச் சற்றுக் கவனித்துக் கேட்க வேண்டும். காந்தியாகப் பாடுகிறவர் ஏறுவரிசையில் எட்டுச் சுரங்களைப் பாடுகிறார். முடித்ததும் மறுபடியும் அதே எட்டு. இப்படி முப்பது தடவை. கர்நாடக இசை அறிந்தவர்கள் அதில் எட்டாவது மேளமான அனுமத்தோடியின் சுரத்தானங்களை உடனே கண்டுகொள்வார்கள். சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் இல்லாததால் தோடியாக அது ஒலிப்பதில்லை. மேலே பாட்டு மாறாமல் ஏறிக்கொண்டிருக்க, கீழே வாத்தியங்களின் ஹார்மனி மெல்ல இடம் மாறுகிறது. அதனால் ஒரே வரிசை ஒவ்வொரு முறையும் வேறு உணர்வைத் தருகிறது. ‘எனக்குப் பல பிறவிகள் கழிந்தன, உனக்கும் அப்படியே’ என்று கண்ணன் சொல்லும் கீதையின் நான்காம் அத்தியாய வரிகள் அந்த இசைக்குள் அமைந்திருக்கின்றன. பித்தளை வாத்தியங்களும் தாள வாத்தியங்களும் இந்த ஓபராவில் கிடையாது. தந்தி வாத்தியங்கள், மரக்குழல் வாத்தியங்கள், ஓர் ஆர்கன், அவ்வளவுதான். கையில் உள்ள ஆட்களுக்கும் கருவிகளுக்கும் அளவெடுத்து எழுதுவது இந்தத் தொழிலின் உயிர்நாடி.

இந்த ஒப்பந்தம் என்பது நடைமுறையில் எப்படி அமைகிறது என்று பார்ப்போம். ஓர் ஓபரா அரங்கம், அல்லது ஓர் இசைவிழா, இசையமைப்பாளரை அணுகுகிறது. சில வேளை எண்ணம் இயக்குநரிடமிருந்து வருகிறது; அமெரிக்க அதிபர் நிக்சனின் சீனப் பயணத்தை ஓபராவாக்கலாம் என்று இசையமைப்பாளர் ஜான் ஆடம்ஸிடம் சொன்னவர் பீட்டர் செல்லர்ஸ் என்ற நாடக இயக்குநர், அந்த ஓபரா 1987இல் ஹூஸ்டனில் அரங்கேறியது. எத்தனை நிமிடம், எத்தனை முதன்மைப் பாடகர்கள், வாத்தியக் குழுவின் அளவு என்ன, எந்தத் தேதிக்குள் எதைக் கொடுக்க வேண்டும், வாத்தியக்காரர்களுக்கான தாள்களைத் தயாரிக்கும் செலவு யாருடையது என்பனவெல்லாம் முதலிலேயே எழுதப்படும். கட்டணம் பெரும்பாலும் தவணைகளாக வரும்: கையெழுத்திடும்போது ஒரு பங்கு, பாதி வேலையில் ஒரு பங்கு, முழு ஸ்கோரைக் கொடுக்கும்போது மீதி. ஒரே அரங்கம் தனியாகச் சுமக்க முடியாத செலவு என்பதால் பல அரங்குகள் கூட்டாக ஒப்பந்தம் செய்வது இப்போது வழக்கமாகிவிட்டது. 2018இல் லண்டனில் அரங்கேறிய பெஞ்சமினின் ‘லெசன்ஸ் இன் லவ் அண்ட் வயலன்ஸ்’ ஏழு அரங்குகள் சேர்ந்து கேட்டு எழுதப்பட்டது.

ஒப்பந்தத்துக்குப் பிறகு முதலில் வருவது லிப்ரெட்டோ, அதாவது பாடப்படப்போகும் நாடகப் பிரதி. அதை எழுதுகிறவர் தனி ஆள். நாவலையோ திரைப்படத்தையோ தழுவுவதென்றால் அதன் உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி வராமல் பாதியில் கைவிடப்படும் திட்டங்களும் உண்டு. பிறகு குரல்களையும் பியானோவையும் மட்டும் வைத்து முழு நாடகத்தையும் எழுதுகிறார்கள். அந்தக் குரல் ஸ்கோரை வைத்துச் சில நாட்கள் பட்டறை நடக்கும். ஒரு பியானோக்காரர் அறுபது வாத்தியங்களின் வேலையைப் பத்து விரல்களால் செய்ய, பாடகர்கள் கையில் தாளோடு நின்று பாடுவார்கள். மேல் ஸ்தாயியில் பாடகி பாடும் ஒரு வரியில் சொல் புரியாமல் போவதும், உடை மாற்றிவர நேரம் போதாத இடத்தில் இன்னும் அரை நிமிட இசை தேவைப்படுவதும், அழ வேண்டிய காட்சி நீண்டு சலிப்பூட்டுவதும் அங்கேதான் தெரியவரும். அதற்குப் பிறகே வாத்தியக் குழுவுக்கான முழு எழுத்துவேலை தொடங்குகிறது. இறுதியில் முழு ஸ்கோரிலிருந்து ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் தனித் தாள் பிரித்தெடுக்கப்படுகிறது; வயலின்காரர் பக்கத்தைத் திருப்பும் இடத்தில் அவருக்கு ஓய்வு இருக்கிறதா என்பதைக்கூடப் பார்த்துத் தாள் அமைக்க வேண்டும்.

அரங்கேற்றம் நடந்து, பத்திரிகையில் நல்ல விமர்சனமும் வந்துவிட்டால் வாழ்க்கை அமைந்துவிட்டது என்றே வெளியில் இருப்பவர்கள் எண்ணுகிறோம். இந்தத் துறையை அறிந்தவர்கள் கேட்கும் கேள்வி வேறு: இரண்டாவது அரங்கம் அதை எடுத்துக்கொண்டதா? புதிய ஓபராவை முதன்முதலில் மேடையேற்றுவதில் ஓர் அரங்கத்துக்குப் பெருமை உண்டு, ஆதரவு நிதியும் திரட்டலாம். இரண்டாவதாக மேடையேற்றுகிறவருக்கு அந்தப் பெருமை கிடைப்பதில்லை, செலவோ அவ்வளவேதான். ஆகவே ஒரு முறை நடந்து அலமாரிக்குப் போன ஓபராக்கள் ஏராளம். இரண்டாவது, மூன்றாவது என்று தொடர்ந்தவை தாம் ஒருவரின் தொழிலை நிலைநிறுத்துகின்றன. பின்லாந்தின் காயா சாரியாஹோ எழுதிய ‘லமூர் தெ ல்வான்’ 2000இல் சால்ஸ்பர்க்கில் தொடங்கி, பாரிஸ், சாண்டா ஃபே, ஹெல்சின்கி என்று நகர்ந்து 2016இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டனுக்கு வந்தது. அந்த மேடையில் ஒரு பெண் எழுதிய ஓபரா அதற்கு முன் நடந்தது 1903இல் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்; பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் அந்த இடைவெளியின் நீளத்தை அறிந்திருப்பது நல்லது. ஜேக் ஹெகி என்ற அமெரிக்கர் சான் பிரான்சிஸ்கோ ஓபராவின் விளம்பரப் பிரிவில் எழுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். அந்த அரங்கமே கேட்டு, 2000இல் மேடையேற்றிய ‘டெட் மேன் வாக்கிங்’, பிறகு பல நாடுகளில் திரும்பத் திரும்ப நிகழ்த்தப்பட்டு, 2023இல் மெட்ரோபாலிட்டனின் பருவத்தைத் தொடங்கிவைத்தது.

இப்போது அந்தத் தாயார் கேட்ட கேள்விக்கு வரலாம். ஒப்பந்தக் கட்டணத்தை எழுதிய ஆண்டுகளால் வகுத்துப் பார்த்தால், அது மட்டும் குடும்பத்தைக் காப்பாற்றுவது அரிது. அதனோடு, ஒவ்வொரு மேடையேற்றத்துக்கும் அரங்கம் செலுத்தும் உரிமைத் தொகை வருகிறது; அது லிப்ரெட்டோ எழுதியவரோடு பங்கிடப்படும். வாத்தியத் தாள்கள் விற்கப்படுவதில்லை, வாடகைக்குத் தரப்படுகின்றன. அந்த வாடகையில் பதிப்பகத்தின் பங்கு போக மீதி வரும். கிளாஸ் தமக்கென்று ஒரு பதிப்பகத்தையே நடத்தி உரிமைகளைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். அவருடைய வாழ்க்கையில் அது மிகப் புத்திசாலித்தனமான முடிவுகளுள் ஒன்று என்பது என் எண்ணம். இவற்றுக்கு மேலும் ஏதேனும் ஒரு நிரந்தர வருமானம் அநேகமாக எல்லாருக்கும் தேவைப்படுகிறது. பெஞ்சமின் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியர்; ஆடம்ஸ் மேடையில் நின்று வாத்தியக் குழுக்களை வழிநடத்துகிறார்; கிளாஸ் திரைப்படங்களுக்கும் இசை தந்திருக்கிறார். ஓபரா எழுதுவதைத் தொழிலாகக் கொள்வது என்றால், கற்பித்தல், வாத்தியக் குழுவை வழிநடத்துதல், வாசித்தல் ஆகிய ஏதாவது ஒன்றையும் சேர்த்துக் கொள்வது என்றே பொருள். பெற்றோர் இதைத் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை. உலகப் புகழ்பெற்றவர்களின் வாழ்க்கையே அப்படித்தான் அமைந்திருக்கிறது.

மலேசியாவில் ஆண்டு முழுவதும் பாடகர்களைச் சம்பளத்துக்கு வைத்து ஓபரா நடத்தும் அரங்கம் கிடையாது. ஆனால் எழுதுகிறவர்களுக்கு இங்கே வழியே இல்லை என்று சொல்வது தவறு. இரட்டைக் கோபுரத்தின் அடியில் 1998இல் திறக்கப்பட்ட பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் அரங்கில் மலேசிய பில்ஹார்மோனிக் இசைக்குழு இயங்குகிறது. உள்நாட்டவரின் புதிய படைப்புகளையும் அது வாசித்திருக்கிறது. வெளிநாடுகளிலும் படைப்புகள் வாசிக்கப்படும் சோங் கீ யோங், ஜொகூரின் குளுவாங்கில், ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த ஒரு பட்டணத்தில், பிறந்தவர். தாஸுல் இஸான் தாஜுதீன், ஜொஹான் ஓத்மான் போன்றவர்கள் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டே எழுதியவர்கள். நம் பேராக்கிலேயே தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் இசைப் படிப்பு இருக்கிறது. அங்கே பெறும் ஆசிரியத் தகுதி, மேலே சொன்ன நிரந்தர வருமானத்துக்கும் வழி செய்யும்.

ஐந்தாம் படிவத்தில் இருக்கும் ஒரு பிள்ளை அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. இங்கிலாந்தின் பெஞ்சமின் பிரிட்டன் 1958இல் ‘நோயிஸ் ஃப்ளட்’ என்ற ஓபராவை ஓர் ஊர்த் தேவாலயத்தில் பெரும்பாலும் பிள்ளைகளை வைத்தே நடத்தினார். ரெக்கார்டர் என்ற குழலை ஊதத் தெரிந்தவர்களுக்கு ரெக்கார்டர், சுமாராக வயலின் வாசிப்பவர்களுக்கு எளிய வரிகள், மழைத்துளி விழும் ஓசைக்குக் கயிற்றில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்ட பீங்கான் குவளைகள். ஒரு பிள்ளை மரக்கரண்டியால் அவற்றைத் தட்டினால் போதும். அவரவருக்கு முடிந்ததை மட்டும் கொடுத்து, அதிலிருந்து உயர்ந்த இசையைக் கட்டியெழுப்பியது அந்தப் படைப்பு. நம் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் இசைப் பாடத்தில் ரெக்கார்டர் கற்கிறார்கள். உறுமி மேளம் அடிக்கும் இளைஞர்களுக்கு இந்த ஊரில் குறைவில்லை. கோயிலில் நாதஸ்வரம் இருக்கிறது. பொங்கல் விழாவுக்கோ பள்ளி ஆண்டு விழாவுக்கோ பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பாட்டு நாடகத்தை எழுதி, ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளைப் பாட வைத்தால், எந்த வரியில் அவர்களுக்கு மூச்சு முட்டுகிறது, உறுமி எழும்பும்போது எந்தச் சொல் அமுங்கிப்போகிறது என்பதை அந்த இளம் இசையமைப்பாளர் ஒரே ஒத்திகையில் கற்றுக்கொள்வார். வெளிநாட்டுப் பட்டறையில் நடப்பதும் இதேதான்.

அப்படி எழுதிக் கொடுக்கும்போது பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலேசியச் சட்டப்படி, எழுத்திலோ ஒலிப்பதிவிலோ ஏறிய படைப்புக்குப் பதிப்புரிமை தானாகவே உண்டாகிறது. படைத்தவரின் ஆயுளும் அதற்குப் பிறகு 50 ஆண்டுகளும் அது நீடிக்கும். ஆனால் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, ஒருவர் கேட்டு ஒப்பந்தம் செய்து எழுதப்பட்ட படைப்பின் உரிமை, வேறு உடன்பாடு இல்லையென்றால், கேட்டவருக்கே மாறிவிட்டதாகக் கொள்கிறது. ஆகவே நூறு வெள்ளி பெற்றுக்கொண்டு எழுதினாலும், உரிமை எழுதியவரிடமே இருக்கும் என்றும், கேட்டவர் எந்த விழாவில் எத்தனை முறை அதை நிகழ்த்தலாம் என்றும் ஒரு பக்கக் கடிதம் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டுக்கொள்ள வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை என்றால் பெற்றோரும் அதில் கையெழுத்திடுவது முறை.